கல்லாப்பெட்டியும் முள்வேலியும்: வட சிலாங்கூர்த் தோட்டக் கடைகளின் பாதுகாப்பு வரலாறு

கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் அதற்குக் கிழக்கே உலு சிலாங்கூரிலும் பரவியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பணம் கைமாறிய இடங்கள் பெரும்பாலும் மூன்று: சம்பளம் போடும் அலுவலகம், மளிகைக் கடை, கள்ளுக்கடை. சம்பளம் ரொக்கமாகவே கொடுக்கப்பட்டதால், சம்பள நாள் எது என்பது தோட்டம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை போன்ற சிற்றூர்களைச் சுற்றியிருந்த லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, காவல் நிலையம் தொலைவில் இருந்ததால், பணத்தை எண்ணிக் கொடுத்தவரும் கடையில் நிறுத்துக் கொடுத்தவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தோட்டத்து வன்முறை வெளியாட்களால் மட்டுமே வந்தது என்று கருதுவது பிழையாகும். 1941-ல் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தங்களில், கூலி உயர்வுடன், கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தர்களின் கொடுமை நீங்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கைகளும் முன்வைக்கப்பட்டன. போதையும் கடனும் சம்பளப் பணமும் ஒரே முற்றத்தில் கூடியபோது விளைந்த அடிதடிக்கு எதிராகத் தொழிலாளரே பாதுகாப்புக் கேட்ட குரலாகவும் அக்கோரிக்கைகளைக் கொள்ளலாம்.

1948 ஜூனில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், தோட்டப் பாதுகாப்பு அரசின் பொறுப்பாயிற்று. பெரும்பாலும் மலாய்க்காரர்களைக் கொண்ட சிறப்புக் காவலர் படை நாளடைவில் ஏறத்தாழ 40,000 பேராகப் பெருகித் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் நிறுத்தப்பட்டது. ஆனால் காவலின் முதல் அக்கறை துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியின் பங்களா, ரப்பர் ஆலை, சம்பளப் பணம் ஆகியவற்றின் மீதே இருந்தது. கடைக்காரர் அந்த வரிசையில் கடைசியிலேயே நின்றார். காவல் என்ற பெயரில் ஆயுதம் ஏந்தியவர்களே ஆபத்தாக மாறியதும் உண்டு: 1948 டிசம்பரில், உலு சிலாங்கூரின் பத்தாங் காலியில், ஆயுதமற்ற 24 தோட்டத் தொழிலாளரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர்.

கடைக்காரரின் நிலை மிகவும் இறுகியது 1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டத்திற்குப் பிறகுதான். சிதறியிருந்த குடியிருப்புகளை முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்து, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு எட்டாமல் செய்வதே அதன் நோக்கம் என்பதால், மளிகைக் கடையே போர்முனையாயிற்று. அரிசி அளந்து பங்கிடப்பட்டது. வாங்குபவரின் விவரத்தையும் விற்ற அளவையும் கடைக்காரர் பதிவேட்டில் குறிக்க வேண்டியிருந்தது. தகர டப்பா உணவை, சேமித்து வைக்க முடியாதபடி, விற்கும்போதே துளையிட்டுத் தர வேண்டியிருந்தது. வேலைக்குப் புறப்படும் பால்மரத் தொழிலாளர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். இரவில் அரிசி கேட்டு வருபவருக்குக் கொடுத்தால் சிறை, மறுத்தால் உயிருக்கு அச்சம் என்ற இருபுற நெருக்கடியில் கடைக்காரரை நிறுத்திவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று அழைத்தது அந்த ஆட்சி. வேலி காத்தது அரிசியை. அதை விற்றவரை அன்று.

1952 மார்ச்சில், சிலாங்கூரின் வட எல்லையான பெர்ணம் ஆற்றுக்கு அப்பால் இருந்த தஞ்சோங் மாலிம் அருகே, உடைந்த நீர்க்குழாயைச் செப்பனிடச் சென்ற குழுவினரில் 12 பேர் கொல்லப்பட்டதும், உயர் ஆணையர் ஜெரல்டு டெம்ப்ளர் அவ்வூருக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கையும் குறைத்தார். கடைகள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே திறந்தன. குற்றத்தில் தொடர்பில்லாத வியாபாரிகளும் கடைப் பையன்களும் ஊரோடு சேர்ந்து தண்டனையைச் சுமந்தனர்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-ல் முடிந்தபோதும், கடைச் சிப்பந்திக்கென்று தனிக் காப்பு உருவாகவில்லை. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இயந்திரம் ஓடும் இடங்களையே நோக்கியது. வேலையில் காயமடைந்தோருக்கு உதவித்தொகை வழங்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ, 1969-ஆம் ஆண்டின் சட்டத்தால் பிறந்தது. ஆயினும் அது காயம் பட்ட பின் வரும் உதவியே. சில்லறை வணிகம், உணவகம் ஆகியவற்றின் முதலாளிகளும் இயன்றவரை ஆபத்தை முன்கூட்டியே தடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற நிலையை 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே ஏற்படுத்தியது. தாமே உரிமையாளராகவும் தாமே விற்பனையாளராகவும் கல்லாவில் அமரும் சிறு வியாபாரியை நோக்கிக் காப்புறுதி நகரத் தொடங்கியதோ, சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர்தான்.