இணையவழிப் படிப்புகளில் மாணவர் நிலைத்திருத்தல்

2011 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைச் செபாஸ்டியன் துரன், பீட்டர் நோர்விக் ஆகியோர் இணையத்தில் இலவசமாக நடத்தினர். ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். இறுதிவரை வந்தவர்கள் 20,000 பேருக்குச் சற்று மேல். மறு ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் சேர்ந்தனர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,200 பேர்கூட இல்லை. சேர்வதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரியே போதும் என்பதால், எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் இக்கணக்கில் அடங்குவர்.

ஆசிரியரும் மாணவரும் நேரில் காணாத கல்வியில் இச்சிக்கல் பழையது. 1840 இல் பிரித்தானியாவில் ஐசக் பிட்மன் தமது சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்புவதே அவரது முறை. 1971 இல் மாணவரைச் சேர்த்துப் பாடம் தொடங்கிய பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வானொலி, தொலைக்காட்சியைப் பயன்படுத்தியபோதும், ஒப்படைப்புகளைத் திருத்திக் குறிப்பெழுதும் பயிற்றுநர்களைக் கைவிடவில்லை. இணையப் படிப்புகள் பெருந்திரளாக வந்தபோது நழுவிப்போனது இந்தச் சிவப்பு மையே எனலாம்.

காணொலியின் வடிவமும் ஆராயப்பட்டது. பிலிப் குவோ உள்ளிட்டோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வு, எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை அலசியது. ஆறு நிமிடங்களுக்கு உட்பட்ட காணொலிகளையே மாணவர் பெரும்பாலும் முழுமையாகப் பார்த்தனர். வெறும் படவில்லைகளைவிட ஆசிரியர் கையால் எழுதி விளக்குவது அவர்களை அதிக நேரம் ஈர்த்தது. கரும்பலகையில் எழுதிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை.

எனினும் காணொலி மட்டும் மாணவரைக் கட்டி வைக்கவில்லை. ஜஸ்டின் ரைக் உள்ளிட்டோரின் 2019 ஆய்வின்படி, எட்எக்ஸ் தளத்தில் ஆர்வர்டு, மாசசூசெட்ஸ் நிறுவனங்கள் நடத்திய படிப்புகளை 2017–18 இல் முடித்தோர் 3.13 விழுக்காடு மட்டுமே. சான்றிதழுக்குக் கட்டணம் செலுத்தியோரில் இது 46 விழுக்காடு. பணம் படிக்க வைத்தது என இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. படித்தே தீருவது என முடிவெடுத்தவரே பணம் கட்டியிருக்கலாம்.

இந்தியாவில் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 இல் தொடங்கிய என்பிடெல் திட்டம், முதலில் பாடக் காணொலிகளை வெளியிட்டது. 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளையும் நடத்துகிறது. கற்பது இலவசம், தேர்வுக்கு மட்டுமே கட்டணம். வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு, அதற்குக் கெடு தேதியும் உண்டு. ஒப்படைப்புக்கு 25, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. ஒப்படைப்பு விடைகள் இணையத்தில் உலவும் இக்காலத்தில் இப்பிரிவு பொருத்தமானதே. இத்தகைய படிப்புகளின் மதிப்பலகுகளைக் கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2016 இல் வழிசெய்தது. 20 விழுக்காடாக இருந்த உச்சவரம்பு 2021 இல் 40 ஆக உயர்த்தப்பட்டது. மதிப்பலகுக்காகச் சேர்பவர் தேர்வுவரை வருவார். பாடத்தில் மனம் ஒன்றியதா என்பதை அந்த எண்ணிக்கை காட்டாது.