கழிப்பறைத் தாளில் எழுதிய நாவல்: கூகி வா தியாங்கோ

கென்ய நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ (1938–2025) லிமுரு நகரை அடுத்த காமிரீத்து என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஜேம்ஸ் கூகி என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். முதல் நாவல் 1964-இல் ஹைனமன் நிறுவனத்தின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் வெளிவந்தது. அடுத்து வந்த நாவல்கள் அவருக்கு உலகப் புகழைத் தேடித்தந்தன. ஆனால் அவை எந்த உழவர்களைப் பற்றிப் பேசினவோ, அவர்களில் பெரும்பாலோரால் அவற்றைப் படிக்க முடியவில்லை.

1977-இல் கூகி வா மிரீயுடன் சேர்ந்து கிக்கூயு மொழியில் ஒரு நாடகம் எழுதினார். காமிரீத்து மக்கள் தாங்களே கட்டிய திறந்தவெளி அரங்கில் அதை நடித்தனர். ஒத்திகையின்போதே வசனங்களையும் திருத்தினர். சில வாரங்களில் அரசு அனுமதியை விலக்கிக்கொண்டது. ஆண்டின் இறுதியில் கூகி கைதானார். அதே ஆண்டு வந்த அவருடைய ஆங்கில நாவலும் ஆட்சியாளர்களைச் சாடியதுதான். அதன் வெளியீட்டு விழாவிலோ நிதியமைச்சரே கலந்துகொண்டார்! அரசு அஞ்சியது கருத்துக்கா, மக்கள் மொழிக்கா என்பது இதிலிருந்தே விளங்கும்.

விசாரணையின்றிக் காமிட்டி சிறையில் கழித்த ஓராண்டில், கிக்கூயு மொழியில் தம் முதல் நாவலை எழுதினார். கைதிகளுக்குத் தரப்பட்ட கழிப்பறைத் தாள் சொரசொரப்பானது. உடம்புக்குத் தண்டனை, பேனாவுக்கு வசதி. ஒருமுறை சோதனையில் பறிமுதலான தாள்கள் சில வாரங்கள் கழித்தே திரும்பக் கிடைத்தன. தாளைவிட எழுத்துமுறை தந்த தொல்லை பெரிது. உயிரொலிகளின் நீட்டலும் குறுக்கலும் எழுத்தில் சரிவரத் தெரியாததால், முதல் நாள் எழுதிய வரி மறுநாள் வேறு பொருள் தந்தது.

அந்நாவல் 1980-இல் வெளிவந்தது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, வீடுகளிலும் மதுக்கடைகளிலும் மற்றவர்கள் கூடிக் கேட்டனர். குவளை காலியானதும் படிப்பவர் நிறுத்திவிடுவாராம். கேட்பவர்கள் மீண்டும் வாங்கித் தந்தால்தான் கதை தொடரும். தமிழில் இது ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் கிடைக்கிறது.

விடுதலைக்குப் பிறகு பல்கலைக்கழக வேலை திரும்பக் கிடைக்கவில்லை. 1982-இல் காமிரீத்து அரங்கைக் காவல்துறை இடித்துத் தள்ளியது. அவ்வாண்டே கூகியின் அயல்நாட்டு வாழ்வு தொடங்கியது. 1986-இல் ‘மாதிகாரி’ நாவல் வந்தபோது, மாதிகாரி என்றொருவன் ஊர் ஊராக நீதி கேட்டு அலைவதாக அரசுக்குத் தகவல் போயிற்று. அவனைக் கைது செய்ய ஆணை பிறந்தது. அவன் கதைமாந்தன் என்று தெரிந்ததும் கடைகளிலிருந்த படிகள் பறிமுதல் செய்யப்பட்டன.