குற்றவுலகின் நிறுவன முகம்: ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ 50ஆம் இதழ்

அமெரிக்கச் செனட்டர் எஸ்டிஸ் கெஃபாவர் 1950-51இல் அமைப்புசார் குற்றங்களை ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை வகித்தவர். 1954இல் சித்திரக்கதைகளை விசாரித்த செனட் துணைக்குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார். அவ்வாண்டே பதிப்பகத்தார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறிமுறை, குற்றவாளியின் மீது பரிவு தோன்றலாகாது, அவன் தண்டிக்கப்பெறவேண்டும் என விதித்தது.

அந்நெறிமுறைக்கு உட்பட்டு, 1967 ஜூலை நாளிட்டு வெளிவந்ததே மார்வெல் நிறுவனத்தின் இவ்விதழ். எழுத்து ஸ்டான் லீ. ஓவியம் ஜான் ரொமிட்டா. பீட்டர் பார்க்கர் தன் உடையைக் குப்பைத்தொட்டியில் எறிந்து நாயகப் பணியைத் துறக்கும் காட்சியே பெரிதும் பேசப்படுகிறது. வரலாற்று நோக்கில் அதனினும் கருதத்தக்கது, அத்துறவு உண்டாக்கிய வெற்றிடம். அதில்தான் கிங்பின் முதன்முறையாகத் தோன்றுகிறான். அவனுக்கு முகமூடியில்லை, மாய ஆற்றலுமில்லை. கோட்டணிந்த பருத்த உடலினனாகிய அவன், நியூயார்க்கில் சிதறிக்கிடந்த கும்பல்களைத் தன் தலைமையின்கீழ்த் திரட்ட முற்படுகிறான். குற்றம் ஈண்டு வெறியன்று, நிருவாகம்.

இரவுக் காவலர் ஒருவரைக் காக்கும் பீட்டர், கொலையுண்ட தன் பெரியப்பா பென்னை நினைந்து பணிக்கு மீள்கிறான். ஆயினும் கிங்பின் இவ்விதழில் பிடிபடுவதில்லை. நெறிமுறை கோரிய தண்டனையைத் தொடர்கதை என்னும் வடிவம், விதியை வெளிப்படையாக மீறாமலேயே, அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்தது.