ஒரு வால்வும் நாற்பது கிலோவும்: எஸ்.எல்.வி-3 கதை

1/ போன மாசம் கம்பத்துல என் கிளினிக்குக்கு ஒரு பையன் வந்தான். இருபது வயசு இருக்கும், நகைப் பட்டறையில் வேலை. வலது கை விரல்கள் மஞ்சள் மஞ்சளா இருந்துச்சு. பார்த்ததுமே தெரிஞ்சது, நைட்ரிக் ஆசிட். தோலில் உள்ள புரதத்தோட சேர்ந்தா அது இப்படித்தான் மஞ்சள் கறையாக்கும்.

2/ நல்லவேளை, உடனே குழாயைத் திறந்து கையை நீட்டியிருக்கான். (ஆசிட் பட்டா முதல் வைத்தியம் அதுதான் மக்களே. குறைஞ்சது 20 நிமிஷம் ஓடுற தண்ணி. பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம்.)

"எப்படிப்பா கொட்டுச்சு?"
"கேன் மூடி ஒரு வாரமாவே சரியில்ல சார்."
"முதலாளிகிட்ட சொல்லலையா?"
"சொன்னா வைவாரு சார்."

3/ மருந்து போட்டுக் கட்டி அனுப்பிட்டேன். ஆனா அந்தப் பதில் மனசை விட்டுப் போகல. ஏன்னா இதே ஆசிட், சரியா மூடாத ஒரு வால்வு வழியா ஒழுகி, நம்ம நாட்டோட முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டையே கடல்ல தள்ளியிருக்கு. இன்னைக்கு அந்தக் கதை.

4/ ராக்கெட்டின் பெயர் எஸ்.எல்.வி-3. நம்ம மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவானது. திட்ட இயக்குநர், ராமேஸ்வரத்துக்காரர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

உயரம் 22 மீட்டர். எடை 17 டன், குமுளி மலை ஏறும் ஒரு பார லாரி அளவு. இவ்வளவும் சேர்ந்து விண்ணில் கொண்டுபோய் விடுவது? வெறும் 40 கிலோ! ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் எடை. மத்ததெல்லாம் நம்ம டிஸ்போசபிள் சிரிஞ்ச் மாதிரி, ஒரு தடவையோட சரி.

5/ மொத்தம் நாலு அடுக்கு. நாலுமே திட எரிபொருள். தீபாவளி ராக்கெட் மாதிரிதான், பத்த வைச்சுட்டா அணைக்க முடியாது. அப்போ போற வழியில் திசையை எப்படித் திருத்துறது?

இரண்டாவது அடுக்கில் அதுக்குன்னே சின்னச் சின்ன திரவ எஞ்சின்கள். ஒரு தொட்டியில் ஹைட்ரசின். இன்னொன்றில் செம்புகை கக்கும் அடர் நைட்ரிக் அமிலம். வால்வு திறந்தா ரெண்டும் சேர்ந்து தானே பத்திக்கும்.

6/ முதல் எச்சரிக்கை தரையிலேயே வந்தது. இந்த அமைப்பைச் சோதிக்கும்போது ஒரு வால்வு வேலை செய்யல. என்னன்னு பார்க்க ஆட்கள் பக்கத்தில் போனாங்க. அமிலத் தொட்டி வெடிச்சது. ஆறு பேருக்குக் கடுமையான அமிலக் காயம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆறு படுக்கை காலியா இல்லாம, கலாம் கெஞ்சிச் சேர்க்க வேண்டியிருந்தது. 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே இதை எழுதியிருக்கார்.

7/ அடுத்து 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. கவுண்ட் டவுன் கடைசிக் கட்டத்தில் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. அமிலம் கசியுது. கணக்குப் போட்டுப் பார்த்த நிபுணர்கள், "இருப்பு போதும், தாங்கும்" என்றார்கள். கலாம் ஏவச் சொன்னார்.

முதல் அடுக்கு அருமை. இரண்டாவது அடுக்கில் திசை திருத்த அமிலம் இல்லை. ராக்கெட் தடுமாறி, கிளம்பிய 317 வினாடியில் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

8/ இனிமேதான் முக்கியம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன்னாடி தானே போய் உட்கார்ந்தார். தோல்விக்குப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கிட்டு, என் குழு அடுத்த முறை ஜெயிக்கும் என்றார். ஆய்வுக் கூட்டத்தில் கலாமும் எழுந்து, ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

பழியை மேல இருக்கிறவங்க வாங்கிக்கிட்டதால, கீழ இருந்தவங்களால பயமில்லாம உண்மையைப் பேச முடிஞ்சது. எந்த வால்வு, ஏன் மூடலன்னு துல்லியமா கண்டுபிடிச்சாங்க.

9/ 1980 ஜூலை 18. அதே வகை ராக்கெட். 35 கிலோ ரோகிணி சுற்றுப்பாதையில் நின்றது. இந்த முறை தவான் பின்னால் நகர்ந்து, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார்.

10/ 1981-ல் பாதி வெற்றிதான். சுற்றுப்பாதை தாழ்ந்து போய் செயற்கைக்கோள் 9 நாளில் விழுந்தது. 1983 ஏப்ரல் 17-ல் நாலாவது, கடைசிப் பயணம் வெற்றி. அத்தோட ஓய்வு. ஆனா அதோட முதல் அடுக்கு, ஏ.எஸ்.எல்.வி.க்கும் பி.எஸ்.எல்.வி.க்கும் பக்கவாட்டு பூஸ்டரா மறுபிறவி எடுத்துச்சு. முதல் அக்னி ஏவுகணைக்கும் அதுவே அடித்தளம்.

11/ நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்கத் தவறிட்டேன். சொந்தக்காரங்க கோபமா வந்தப்போ எங்க சீஃப், "என் யூனிட், என் தப்பு" என்றார். அப்புறம் அறைக்குள்ள கூப்பிட்டு, கேஸ் ஷீட்டை வரி வரியா என்னோட சேர்ந்து பார்த்தார். அதுக்கப்புறம் எந்தத் தப்பையும் அவர்கிட்ட நான் மறைச்சதில்லை.

12/ அந்தப் பையன் கட்டு மாத்த வந்தப்போ முதலாளியும் கூட வந்தார். இந்தக் கதையைத்தான் அவருக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் பையனைப் பார்த்துக் கேட்டார்: "வேற எதுடா சரியில்லாம இருக்கு?"

உங்க கடையில, வீட்ல, வார்டுல இருக்கிற சின்னவங்ககிட்ட நீங்களும் கேட்டுப் பாருங்க மக்களே. பதில் வரும்போது மட்டும் வையாதீங்க.