விழுந்தவரா, குறுக்கே போனவரா?

எங்கள் கட்டிடத்தில் திருநெல்வேலி பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். காலையில் தாதருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே தண்டவாளத்தில் கிடந்தார். பஞ்சநாமாவில் 'தண்டவாளம் கடக்கும்போது' என்று ஒரு வரி. எல்லாம் மராத்தி. அக்கா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16. ஆனால் ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து செத்தால் நஷ்ட ஈடு உண்டு என்று சட்டம் சொன்னது 1994-ல்தான்! அதற்கு முன் வண்டி மோத வேண்டும், தடம் புரள வேண்டும். 1994-ல் ரயில்வே சட்டத்தில் 124-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தொகை 2017 ஜனவரியிலிருந்து 8 லட்சம். தற்கொலை, குடிபோதை, நோயால் சாவு என்றால் கிடையாது. தண்டவாளத்தைக் கடந்தவர் பயணியே இல்லை, அத்துமீறியவர். அதே சட்டத்தின் 147-வது பிரிவின் கீழ் குற்றவாளி.

ஆக, வண்டியிலிருந்து விழுந்தாரா, குறுக்கே போனாரா? எல்லாம் அதில்தான் இருக்கிறது.

மோட்டர்மேனோ கார்டோ தகவல் கொடுக்க, ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ எழுதுவார். ரயில்வே போலீஸ் பஞ்சநாமா போட்டு, பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பும். டாக்டர் முதலில் பார்ப்பது காயத்தின் விளிம்பை. சதைக்குள் ரத்தம் கசிந்து உறைந்திருந்தால் அடிபடும்போது உயிர் இருந்தது. வெளுத்துக் கிடந்தால், ஏற்கெனவே செத்தவரைக் கொண்டுவந்து போட்டார்களா என்ற சந்தேகம் வரும். கொன்றுவிட்டுத் தண்டவாளத்தில் போடுவது பழைய தந்திரம். நம்மூரில் 2015-ல் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்த மாணவர் உடலை நினைத்துப் பாருங்கள். தற்கொலை போல ஜோடிக்கப்பட்டது, 2022-ல் மதுரை நீதிமன்றம் கொலை என்று சொல்லிப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது.

விழுந்ததா, கடந்ததா என்பது இதைவிடக் குழப்பமானது. உடல் இரண்டாகக் கிடந்தால் 'பார்த்தீர்களா, வண்டி ஏறியிருக்கிறது, கடந்தவர்தான்' என்று ரயில்வே தரப்பு வாதாடும். கதவில் தொங்கியவர் விழும்போது இடைவெளியில் சக்கரத்துக்குள் இழுபடலாமே! உடல் தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம், பை எங்கே, செருப்பு எங்கே, தலையில் கம்பம் அடித்த காயமா, கூட வந்தவர் யார்... இவ்வளவும் குறிக்கப்பட வேண்டும். நாலு வரிப் பஞ்சநாமாவில் எங்கே குறிப்பது? 2003-லிருந்து இப்படிப்பட்ட சாவுகளை விசாரிக்கத் தனி விதிகளே இருக்கின்றன. ரயில்வே பாதுகாப்புப் படை விசாரிக்கும். அதாவது பணம் தரவேண்டியவர் வீட்டு ஆளே விசாரணை அதிகாரி!

நல்லவேளையாக உச்ச நீதிமன்றம் குடும்பங்கள் பக்கம் சாய்ந்தது. ஏறும்போது விழுந்தாலும் ரயில்வே பொறுப்பு என்றது 2008-ல். சடலத்தில் டிக்கெட் இல்லை என்பதாலேயே பயணி இல்லை என்று ஆகிவிடாது என்றது 2018-ல்.

சாவைத் தடுக்க என்ன செய்தார்கள்? அத்துமீறிக் கடந்து நாட்டில் வருஷம் சுமார் 15,000 பேர் சாவதாகவும், அதில் 6,000 பேர் மும்பைப் புறநகரில் என்றும் 2012-ல் ககோட்கர் குழு எழுதி, அதைப் படுகொலை என்றே சொன்னது. எனக்குப் பிடித்தது அதற்குச் சற்று முன் வடாலாவில் நடந்த சோதனை. பெரிய பொருள் மெதுவாக வருவது போலத்தான் கண்ணுக்குத் தெரியுமாம். அதனால் ஸ்லீப்பர் கட்டைகள் சிலவற்றுக்கு மஞ்சள் அடித்தார்கள், வேகம் புரியட்டும் என்று. நீள விசிலுக்குப் பதில் இரண்டு குட்டி விசில். வண்டி மோதப்போகும் ஆளின் அலறும் முகத்தைப் படமாக வைத்தார்கள். சாவு குறைந்தது. செலவு பெயிண்ட் காசு!

கதவு தானே மூடும் ஏசி லோக்கல் 2017 கிறிஸ்துமஸ் அன்று வந்தது. மற்ற வண்டிகளில் இன்னும் தொங்குகிறோம். 2025 ஜூன் 9-ல் மும்ப்ரா வளைவில் எதிரெதிர் வண்டிகளில் தொங்கியவர்கள் உரசி விழுந்தார்கள். முதுகுப்பைதான் காரணம் என்று பேச்சு. தண்டவாளத்தை அளந்து பார்த்த தொழில்நுட்ப அறிக்கைக்குப் பிறகு, நவம்பரில் ரயில்வே போலீஸ் என்ஜினீயர்கள் மேலேயே வழக்குப் பதிந்தது.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். மனுப் போட ஒரு வருஷம்தான் கெடு. குடும்பம் வசிக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலும் போடலாம் என்பதால் சென்னையில் போட்டோம், பதினோராவது மாதத்தில். பர்ஸில் பாஸ் இல்லை. கூடவே ஏறும் இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி பழைய பாஸ்களைத் தேதிவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார், மூன்று வருஷத்து டோம்பிவிலி-தாதர். அவர் மகள்தான் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து வந்தாள்.