மொன்ஸ்டர் மனுவலில் அரக்கரும் நாகரும்

நியூஜேர்சியிலும் ரெக்சாஸிலும் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் வளரும் எங்கள் பிள்ளைகள் சிலர், சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடுகிறார்கள். ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்பது அந்த விளையாட்டின் பெயர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். நடத்துனரின் கையில் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் கொடிய உருவங்கள். அதைப் பார்த்துவிட்டு “இதென்ன பேய்ப் புத்தகம்?” என்று கேட்கும் அம்மம்மாமார் உண்டு. அந்தப் புத்தகம்தான் ‘மொன்ஸ்டர் மனுவல்’. அதற்குள் எங்கள் ஊர்க் கதைகளில் வருபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், அதை எப்படி வாசிப்பது என்று பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதல் பதிப்பு 1977இல் வந்தது. எழுதியவர் கேரி கைகாக்ஸ். வெளியிட்டது விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் இருந்த டி.எஸ்.ஆர் நிறுவனம். 112 பக்கங்களில் 350க்கு மேற்பட்ட உயிரினங்கள். அதே ஆண்டில், அதற்குச் சற்று முன்னரே, வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த கேயோசியம் நிறுவனம் ‘ஆல் த வேர்ல்ட்ஸ் மொன்ஸ்டர்ஸ்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் நிலைத்த பெயர் கைகாக்ஸின் புத்தகத்துக்குத்தான். இன்று கடைகளில் கிடைப்பது 2025 பெப்ரவரியில் வந்த பதிப்பு. அதில் 500க்கு மேற்பட்டவை உண்டு. பல குழுக்கள் இன்னும் 2014 பதிப்பையே வைத்து விளையாடுகின்றன.

இது அகராதி போன்ற புத்தகம். முதலிலிருந்து கடைசிவரை யாரும் வாசிப்பதில்லை. ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு படம், கொஞ்சம் கதை, ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும். 2014 பதிப்பில் ‘ரக்சாசா’ என்ற பதிவை எடுத்துக்கொள்வோம். எங்கள் இராட்சதர்தான். அதன் கவச எண் 16. அதாவது, அதை அடிக்க நினைப்பவர் இருபது பக்கப் பகடையை உருட்டி, தன் பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணையும் கூட்டி, 16 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும். அதன் உயிர்ப்புள்ளி 110. ஒவ்வொரு அடிக்கும் அது குறையும்; பூச்சியத்துக்கு வந்தால் அது வீழ்ந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கணக்கும் இருக்கும்: எட்டுப் பக்கப் பகடையை 13 தரம் உருட்டி 52ஐக் கூட்டு என்று. 110 என்பது அதன் சராசரி. சராசரியை எடுப்பதா, உருட்டிப் பார்ப்பதா என்பது நடத்துனரின் விருப்பம்.

சவால் எண் 13 என்பது நடத்துனருக்கு மிகவும் தேவையானது. பதின்மூன்றாம் நிலையை எட்டிய நான்கு பாத்திரங்கள், களைப்பில்லாமல் தகுந்த ஆயுதங்களோடு வந்தால், ஒருவரையும் இழக்காமல் இதை வெல்லக்கூடும் என்பது அதன் பொருள். புதிதாக விளையாடத் தொடங்கிய பிள்ளைகள் முன் இதைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எண்களுக்குக் கீழே வரும் தனித்தன்மைகளில்தான் சுவை இருக்கிறது. ஆறாம் தரம் வரையான மந்திரங்கள் ரக்சாசா விரும்பினாலொழிய அதைத் தொடா. நினைத்த நேரத்தில் வேறு உருவம் எடுக்கும், பிறர் மனதை வாசிக்கும். நல்ல நெறியுள்ள ஒருவர் மந்திர ஆயுதத்தால் குத்தினால் மட்டும் இரட்டிப்புக் காயம். இதையெல்லாம் நடத்துனர் முதல் நாளே வாசித்து வைப்பார். நண்பனாக வந்து உதவிசெய்தவர் மூன்றாவது வாரம் ரக்சாசாவாக மாறுவது நல்ல நடத்துனரின் வேலை. கதவைத் திறந்ததும் “இராட்சதன் நிற்கிறான், அடி” என்பது சோம்பல். விளையாடுபவர்கள் நடுவில் புத்தகத்தைப் புரட்டி அதன் பலவீனத்தைத் தேடக்கூடாது என்பது எழுதாத மரியாதை.

இந்த இராட்சதன் வால்மீகியிடமிருந்தோ கம்பனிடமிருந்தோ வந்தவன் அல்ல. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கொல்சாக்’ என்ற திகில் தொடரின் ஒரு பகுதியில் ரக்சாசா வந்தது. பார்ப்பவர் நம்பும் ஒருவரின் உருவத்தில் நெருங்கும். ஆசீர்வதிக்கப்பட்ட அம்பால்தான் சாகும். கைகாக்ஸ் அதைப் பார்த்து 1975 டிசம்பரில் நிறுவனத்தின் இதழில் எழுதினார். 1977 புத்தகத்தில் டேவிட் ட்ராம்பியர் வரைந்த படம் அதற்குப் புலித்தலை கொடுத்து, கையில் புகைக்குழாயும் கொடுத்தது. அன்றிலிருந்து அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ரக்சாசா என்றால் புலித்தலை மனிதன். புலி என்றதும் எங்கள் வீடுகளில் எழும் நினைவுகள் வேறு. படம் வரைந்தவருக்கு அதனோடு ஒரு சம்பந்தமுமில்லை.

நாகரும் அந்த முதற் பதிப்பிலேயே இருக்கிறார்கள், மனித முகமுள்ள பெரும் பாம்புகளாக. காவல் நாகம் நல்லது, ஆவி நாகம் கெட்டது, நீர் நாகம் இரண்டுமில்லை. 2014 பதிப்பின்படி காவல் நாகத்தின் சவால் எண் 10; அதைக் கொன்றாலும் ஆறு நாட்களுக்குள் உயிர்பெற்றுத் திரும்பும். இந்தப் பக்கத்தில் பெற்றோர் நின்று கதைக்க நிறைய இருக்கிறது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் இருக்கிறது. மணிமேகலையும் மகாவம்சமும் நாகர் நாட்டையும், மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரு நாக அரசர்களையும் சொல்கின்றன. எங்களுக்கு நாகர் என்பது ஒரு மக்களின் பெயருமாகும். புத்தகத்தில் அது பாம்பு மட்டுமே.

ரக்சாசா பதிவில் கெட்ட நெறி என்று போட்டிருக்கிறது. ஓர் இனம் முழுவதும் பிறப்பிலேயே கெட்டது என்று அச்சிடுவதை, அப்படி முத்திரை குத்தப்பட்டு ஓடிவந்த குடும்பங்கள் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. ‘ஓர்க்’, ‘ட்ரோ’ என்ற இனங்களைத் தாங்கள் சித்திரித்த விதம் உண்மையான மனிதக் கூட்டங்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுவதாக 2020 ஜூனில் இன்றைய வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்கு நெடுநாள் முன்னர், 1982இலேயே, கேயோசியம் ‘ட்ரோல்பாக்’ என்ற வெளியீட்டில் ட்ரோல்களுக்கு வரலாறும் சமயமும் உணவுப் பழக்கமும் கொடுத்து அவர்களை ஒரு சமூகமாக எழுதிக் காட்டியிருந்தது. 2014 மனுவலும் நெறியை நடத்துனர் மாற்றிக்கொள்ளலாம் என்று முன்னுரையிலேயே சொல்கிறது. பலர் அந்த முன்னுரையை வாசிப்பதில்லை.

மாற்றுவதற்கு எங்களிடம் கையிருப்பு நிறைய. சம்பந்தரின் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். கயிலைமலையின் கீழ் நெரிபட்டவன், பாடி அருள் பெற்றவன். திருகோணமலையில் இராவணன் வெட்டு என்று ஒரு பாறைப் பிளவைக் காட்டுவார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். புலவர் குழந்தை அவனையே தலைவனாக்கி 1946இல் ‘இராவண காவியம்’ எழுதினார். 1948இல் தடை செய்யப்பட்ட அந்நூல் 1971இல்தான் விடுபட்டது. தாய்க்காகக் கிணறு தோண்டும் ஓர் அரக்கனை மேசையில் சந்திக்கும் பிள்ளை வாளை உருவுவதற்கு முன் ஒரு கேள்வியாவது கேட்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 1980இல் டி.எஸ்.ஆர் ‘டெய்ட்டீஸ் அன்ட் டெமிகோட்ஸ்’ என்ற நூலில் இந்தியத் தெய்வங்களையும் சேர்த்து, கார்த்திகேயனுக்குக்கூட உயிர்ப்புள்ளி போட்டது. நல்லூரில் தேர் இழுத்தவர்களுக்கு அது உவப்பாக இராது. வைரவரையும் அண்ணமாரையும் எண்ணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொள்ளிவாய்ப் பேயும் மோகினியும் தாராளமாக வரலாம்.

பேய்ப் பயமுள்ளவர்களுக்கு: 1980களில் அமெரிக்கத் தேவாலயங்களிலும் இதே பயம் இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிறுவனம் பேய், பிசாசுச் சொற்களை எடுத்துவிட்டு, பின்னர் அதே உருவங்களை வேறு பெயர்களில் திருப்பிக் கொண்டுவந்தது. விளையாட்டில் மாற்றம் ஒன்றுமில்லை.

புத்தகம் ஏறத்தாழ 50 டொலர். உடனே வாங்கத் தேவையில்லை. பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ரக்சாசா, நாகம் உட்பட நூற்றுக்கணக்கான உயிரினங்களின் கட்டங்களும் அடிப்படை விதிகளும் 2023 ஜனவரியில் பொது உரிமத்தின் கீழ் இலவசமாக வெளியிடப்பட்டுவிட்டன. மூலத்தைக் குறிப்பிட்டால் அவற்றை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஒரு வகுப்பு, கன்னியா இராவணனுக்கு அரைப் பக்கத்தில் தமிழிலேயே ஒரு பதிவு எழுதிப் பார்க்கலாம். கவச எண் 16ஆகவே இருக்கட்டும். நெறி என்ற இடத்தில் என்ன போடுவது என்று பிள்ளைகள் வாதாடட்டும்.