அசையிலிருந்து தாளத்துக்கு: பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளில் படைப்புவழி இசைக் கல்வி

கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் சமஸ்தானத்தில் வித்துவானாக இருந்தவர். அவரிடம் இசை பயின்ற வேங்கடசுப்பையர் அரியலூரிலும் குன்னத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிக் கதை சொல்லிக் குடும்பம் நடத்தினார். அவருடைய மகன் அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றார். அந்த மகனே உ.வே. சாமிநாதையர். மாயூரத்தில் அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கினார். இசைப் பயிற்சி தமிழ்ப் படிப்புக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கருதியதால் அதை நிறுத்திக்கொண்டார். அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ இதைப் பதிவு செய்திருக்கிறது. பிள்ளையவர்களின் புலமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பாட்டும் பாடமும் வேறு வேறு என்ற அந்தப் பிரிவினை இன்றும் நம் வகுப்பறைகளில் நீடிக்கிறது. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டப் பள்ளிகளில் இசை வகுப்பை இசையாசிரியர் வரும்வரை ஒத்திப்போட வேண்டியதில்லை. தமிழ் வகுப்பின் யாப்பிலிருந்தே அதைத் தொடங்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிலைமையை முதலில் பார்ப்போம். 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் பணிக்கு அமர்த்தியது. உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி முதலிய பல பாடங்களோடு இசையும் அதில் ஓர் இடம் பெற்றது. மூன்று அரைநாளில் ஒரு பள்ளியின் எல்லா வகுப்புக்கும் இசை சென்று சேராது. 2022–23இல் தொடங்கிய கலைத் திருவிழா அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நல்ல மேடை அமைத்துக் கொடுத்திருக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் அது போட்டி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படியேற நன்றாகப் பாடும் நான்கைந்து பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துத் தயார் செய்கிறோம்; மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். தொடக்க வகுப்புகளில் பாட்டு நிறையவே உண்டு. செயல்வழிக் கற்றல் காலம் முதல் இன்றைய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வரை, எண்ணையும் எழுத்தையும் நினைவில் நிறுத்தும் கருவியாக அது பயன்படுகிறது. இந்த இரண்டு இடங்களிலும் பிள்ளை பிறர் செய்த பாட்டைத் திரும்பச் சொல்கிறது. எந்த ஒலியை எங்கே வைப்பது என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதைத்தான் படைப்புவழிக் கற்பித்தல் என்கிறேன்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் யாப்பிலக்கணம் உண்டு. மாணவர் குறளை அலகிட்டு நேர், நிரை பிரித்து வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று ஒப்பிக்கிறார்கள். அந்த ஓசை ஒன்றும் காதில் விழுவதேயில்லை. மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் சொன்ன தொல்காப்பியத்தின் வழிவந்த இலக்கணம், ஒரு கைநொடி கூட இல்லாமல் கற்பிக்கப்படுகிறது. இது எனக்குப் பெரும் வருத்தம் தரும் செய்தி.

இதற்கு வகுப்பில் உடனே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. நேரசைக்கு ஒரு தட்டு. நிரையசைக்கு அதே நேரத்துக்குள் இரண்டு விரைவுத் தட்டு. பிறகு பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தட்டிப் பார்க்கட்டும். குன்னம் தேமா: இரண்டு தட்டு. பழுவூர் புளிமா. செந்துறை கூவிளம். அரியலூர், பெரம்பலூர் இரண்டும் கருவிளம்: நான்கு விரைவுத் தட்டு. இரண்டு மாவட்டத் தலைநகரும் ஒரே தாளக்கட்டில் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆலத்தூர் தேமாங்காய், திருமானூர் புளிமாங்காய், ஆண்டிமடம் கூவிளங்காய் என்று மூவசைச் சீர்கள் வரும்போது, அசைக்கு ஒன்றாக, எண்ணிக்கை மூன்றாகும். ஹங்கேரியில் சோல்டான் கோடாய் வழியினர் ‘டா’, ‘டி-டி’ என்று சொல்லித் தொடக்க வகுப்புகளில் தாளம் கற்பிப்பதும் இதே ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான். நம் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

இனிப் படைப்பு. வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இரண்டு மூன்று ஊர்ப் பெயர்களைக் கொடுத்து, வரிசையை அவர்களே அமைக்கச் சொல்லலாம். குன்னம், ஆலத்தூர் என்று அடுக்கினால் இரண்டும் மூன்றும் ஐந்து: தக தகிட, அதாவது கண்ட நடை. திருமானூர், அரியலூர், குன்னம் என்றால் மூன்றும், இரண்டும் இரண்டும் சேர்ந்த நான்கும் ஏழு: தகிட தகதிமி, மிஸ்ர நடை. சொற்கட்டும் நடையும் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு வருபவை என்ற எண்ணம் இங்கே உடைகிறது. எந்த ஊர் முதலில் வந்தால் நன்றாக இருக்கிறது, எங்கே ஒரு தட்டு மௌனம் விடலாம், எந்த இடத்தில் ஓங்கித் தட்டலாம் என்பதைக் குழு பேசி முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ததைப் புள்ளியாலோ கோட்டாலோ கரும்பலகையில் எழுத, மற்றொரு குழு அதைப் பார்த்துத் தட்ட வேண்டும். எழுதியவர் நினைத்ததும் தட்டியவர் புரிந்துகொண்டதும் வேறாகும் இடத்தில்தான் குறியீடு ஏன் தேவை என்பது பிள்ளைக்கு விளங்கும்.

ஓர் எச்சரிக்கை. இலக்கண மாத்திரையும் தாளத்தின் அட்சரமும் ஒன்றல்ல. நிரையில் குறிலிணையும் வரும், குறில் நெடிலும் வரும். பாடும்போது அவை வேறு வேறு நீளம் கொள்ளும். மேற்சொன்ன தட்டுக் கணக்கு ஒரு தொடக்க எளிமையாக்கம் மட்டுமே. மேல்வகுப்பில் அந்த வேறுபாட்டையே பாடமாக்கலாம். வண்ணமும் சந்தமும் அங்கிருந்து தொடங்கும். இதற்கான பொருளும் இம்மண்ணிலேயே கிடைக்கிறது. திருமழபாடிக்குத் தேவார மூவரும் பதிகம் பாடியிருக்கிறார்கள். சுந்தரருடையது நட்டராகப் பண்ணில் அமைந்தது. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் திருக்காவலூர்க் கலம்பகத்தில் பலவகைப் பாக்களைக் கையாண்டார். யாப்பையும் உள்ளடக்கிய தொன்னூல் விளக்கத்தை 1730இல் எழுதினார். தேவாரத்தையும் கலம்பகத்தையும் ஒரே வகுப்பில் சமயப் பாடமாக அன்றி ஓசைப் பாடமாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

தாளத்தைவிட மெட்டு ஆசிரியர்களை அதிகம் தயங்க வைக்கிறது. ‘எனக்குப் பாட வராது’ என்று பலர் ஒதுங்குகிறார்கள். பாடநூல் செய்யுளைத் திரைப்பட மெட்டில் பாடும் ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒரே செய்யுளை இரண்டு மெட்டில் பாடிக் காட்டி, எது பொருளுக்குப் பொருந்துகிறது, ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டால் அது இசை வகுப்பாகிவிடும். பெரியவர்களின் தாழ்ந்த சுருதியில் பிள்ளைகளைப் பாட வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஒரு பிள்ளையைத் தொடங்கச் சொல்லி, அதன் சுருதிக்கு ஆசிரியர் வருவதே முறை.

கேட்கும் பயிற்சியும் இசைதான். கனடா நாட்டு இசையமைப்பாளர் முர்ரே ஷேஃபர், சூழல் ஒலிகளைக் கூர்ந்து கேட்பதையே வகுப்பறை இசைக்கு அடித்தளமாக்கினார். அரியலூர்ப் பள்ளியில் கண்ணை மூடினால் சுண்ணாம்புக்கல் லாரியும், சென்னை–திருச்சி குறுக்குப் பாதை ரயிலும் கேட்கும். 2024இல் ராம்சார் தகுதி பெற்ற கரைவெட்டி ஏரிக்கரை ஊர்களில் குளிர்காலப் பறவைகளின் குரல் கேட்கும். கேட்ட ஒலிகளைச் சத்துணவுத் தட்டு, கொட்டாங்குச்சி, சுண்ணாம்புக்கல், உலர்ந்த மக்காச்சோளக் கதிர் ஆகியவற்றால் மீண்டும் உண்டாக்கி, தொடக்கமும் முடிவும் உள்ள சிறு இசைக்கோவையாக அமைக்கச் சொல்லலாம். பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல் என்ற குறை வரும். நியாயமான குறைதான். ஈராசிரியர் பள்ளியில் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும்; கையுயர்த்தினால் ஒலி நிற்கும் என்ற ஒழுங்கை முதல் நாளே பழக்க வேண்டும்.

நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நா. வானமாமலை தொகுத்தது போன்ற தொகுப்புகளிலிருந்து ஒன்றை எடுத்து மனப்பாடம் செய்ய வைப்பது எளிது. அப்பாயியிடமோ அம்மாயியிடமோ ஒரு தாலாட்டையோ கும்மியையோ கேட்டு வா என்று பிள்ளையை அனுப்புவது வேறு அனுபவம். அடுத்த வீட்டுப் பாட்டு அதே மெட்டில் வேறு சொல்லோடு வரும்போது, பாடுபவர் ஒவ்வொருவரும் பாட்டை மாற்றுகிறார் என்பது பிள்ளைக்குப் புரியும். தானும் மாற்றலாம் என்ற துணிவு பிறக்கும். ஒப்பாரியைத் தொடக்க வகுப்பில் கேட்கச் சொல்லக் கூடாது. அது இழவு நடந்த வீட்டின் பாட்டு. சில பிள்ளைகளுக்கு அந்த நினைவு மிக அண்மையில் இருக்கும்.

பறையைக் குறித்து இன்னும் கவனம் வேண்டும். ஊர்க் கட்டாயமாகச் சில குடும்பங்கள் மீது சுமத்தப்பட்ட வரலாறு அதற்கு உண்டு. ‘உங்க வீட்டில் அடிப்பாங்களே, நீ வா’ என்று ஒரு பிள்ளையை ஆசிரியர் அழைத்தால், இசை வகுப்பு சாதி வகுப்பாகிவிடும். எல்லாப் பிள்ளைகளும் பறை தொட வேண்டும், அல்லது யாரும் தொட வேண்டாம். பறைக் கலைஞரைப் பள்ளிக்கு அழைத்தால் ஆசிரியர் என்று அழைத்து, நாற்காலி போட்டு, ஊதியம் கொடுத்து அழைக்க வேண்டும். மரியாதை என்பது பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்கும் பாடம்.

இவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டாம். இந்த ஒலியை ஏன் இங்கே வைத்தாய் என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் விடையை ஆசிரியர் தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அழகியல் பாடம் ஒன்று கட்டாயம். கர்நாடக சங்கீதம் அதில் ஒரு தேர்வு. நமக்கும் அப்படி ஒரு நிலை வர வேண்டும் என்றே விரும்புகிறேன். அதுவரை கையில் இருப்பதைச் சேர்த்தாவது வைக்கலாம். பெரம்பலூரில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளி நடக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம் அங்கே மூன்றாண்டுப் பாடங்கள். பள்ளித் தமிழாசிரியர்களுக்கும் அந்த இசைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இடையே முறையான தொடர்பை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் ஏற்படுத்த வேண்டும்; பருவத்துக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தாலே நல்ல தொடக்கமாகும். தமிழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அலகிடுதல் நடத்தும்போது, வாய்பாட்டை எழுதச் சொல்லும் முன் பிள்ளைகளைத் தட்டச் சொல்லுங்கள்.